சாங்கி – ஜே.எஃப்.கே.: தூரம் ஒன்று, பறக்கும் நேரம் மட்டும் ஏன் தளத்துக்கு ஒன்று?

கடல்நாரை:

வணக்கம். அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், நான் நியூயார்க்கில். டிசம்பரில் இருவரையும் இங்கே வரவழைக்கிறேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் இறங்கும் நேரடி விமானம். அப்பாவுக்குச் சர்க்கரை, காலை, இரவு இரண்டு வேளையும் இன்சுலின். எப்போது சாப்பாடு, எப்போது ஊசி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அம்மா தைரியமாகக் கிளம்பிவிடுவார்.

அதற்காகப் பயண நேரத்தைத் தேடப் போனேன். ஒரு இணையதளம் 15,349 கி.மீ., 17 மணி 3 நிமிடம் என்கிறது. இன்னொரு தளத்திலும் அதே 15,349 கி.மீ.தான், ஆனால் 19 மணி 41 நிமிடம். 2018ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றில் விமான நிறுவனமே 16,700 கி.மீ. என்று சொல்லியிருக்கிறது. டிக்கெட்டில் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது. தூரம் எப்படி 1,300 கி.மீ. மாறும்? எந்த நேரத்தை நம்பி நான் அட்டவணை போடுவது?

பழைய அட்லஸ்:

முதலில் தூரத்தை முடித்துவிடுவோம் அம்மா. நான் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன், இது எனக்குப் பிடித்த கணக்கு.

15,349 என்பது பெருவட்டத் தூரம். பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே போகக்கூடிய மிகக் குறுகிய வழி. ஜே.எஃப்.கே. வட அட்சம் 40.64, மேற்குத் தீர்க்கம் 73.78. சாங்கி வட அட்சம் 1.36, கிழக்குத் தீர்க்கம் 103.99. இந்த நான்கு எண்ணும் போதும். இரண்டு அட்சங்களின் சைன்களைப் பெருக்கி, அதோடு இரண்டு அட்சங்களின் கொசைன்களையும் தீர்க்க வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கிக் கூட்டினால், இரண்டு ஊர்களும் பூமியின் நடுவில் உண்டாக்கும் கோணத்தின் கொசைன் கிடைக்கும். கோணம் ஏறத்தாழ 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வைத்தால் 15,340 சொச்சம் வரும். பூமி சரியான கோளம் இல்லை, துருவங்களில் சற்று அமுங்கியது. நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. அந்தத் திருத்தத்தையும் சேர்த்தால் 15,349 வந்துவிடும். ஆகவே தளங்கள் சொல்லும் தூரம் சரியானதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தீர்க்க வித்தியாசம் 177.8 டிகிரி. அதாவது இரண்டு ஊர்களும் கிழக்கு மேற்காகப் பார்த்தால் பூமியின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்குக் குறுக்கு வழி வடக்கே ஏறி மறுபக்கம் இறங்குவதுதான். தட்டையான வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு இது நம்பும்படியே இருக்காது. வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து கிளம்பும் நூல் கியூபெக், பாஃபின் தீவு, வட துருவத்துக்கு 280 கி.மீ. பக்கத்தில் என்று போய், அப்புறம் சைபீரியா, மங்கோலியா, சீனா, வியட்நாம் பக்கமாகத் தெற்கே இறங்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, அந்தத் தளங்கள் செய்தது வெறும் வகுத்தல். 15,349ஐ 900ஆல் வகுத்துப் பாருங்கள், 17 மணி 3 நிமிடம். 800ஆல் வகுத்து, ஏறி இறங்க என்று அரை மணி நேரத்தைக் கூட்டினால் 19 மணி 41 நிமிடம். இரண்டு தளங்களும் ஆளுக்கொரு வேகத்தை வைத்துக்கொண்டன. எந்த விமானம், எந்த மாதம், எந்தத் திசை என்று இரண்டுமே பார்க்கவில்லை.

கடல்நாரை:

ஐயா, வகுத்துப் பார்த்தேன். இரண்டும் நிமிடம் பிசகாமல் வருகிறது. அப்படியானால் 16,700?

மேகவழி:

அதற்கு நான் பதில் சொல்கிறேன் சகோ. ஒரு விமான நிறுவனத்தில் ஃபிளைட் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை. விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு அது எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று ஃபிளைட் பிளான் போடுவது எங்கள் பொறுப்பு.

16,700 என்பது அப்படிப் பறக்கும் பாதையின் நீளம். 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் சேவையை மீண்டும் ஆரம்பித்தபோது (அப்போது நூவர்க் விமான நிலையத்துக்கு, ஜே.எஃப்.கே.க்கும் அதற்கும் இந்தக் கணக்கில் சில கி.மீ.தான் வித்தியாசம்) சுமார் 16,700 கி.மீ., சராசரி 18 மணி 45 நிமிடம் என்று அறிவித்தார்கள். குறுக்கு வழியை விட்டுவிட்டு ஏன் 1,300 கி.மீ. சுற்ற வேண்டும்? காற்றுக்காக.

தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று ஓடுகிறது. வலுவான நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். குளிர்காலத்தில் வேகம் அதிகம். நெடுந்தூர விமானங்கள் பறக்கும் உயரமும் அதேதான். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால், தரையைப் பொறுத்த வேகம் அதோடு காற்றின் வேகத்தைக் கூட்டியோ கழித்தோ வருவது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். துருவ வழியில் 15,349 கி.மீ., சராசரியாக 30 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைவேகம் 870, நேரம் 17 மணி 39 நிமிடம். பசிபிக் வழியில் 16,700 கி.மீ., சராசரியாக 100 கி.மீ. பின்காற்று. தரைவேகம் 1,000, நேரம் 16 மணி 42 நிமிடம். தூரம் 1,300 கி.மீ. கூடுதல், நேரமோ 57 நிமிடம் மிச்சம். எரிபொருளும் மிச்சம். நான் எந்த வழியை எடுப்பேன் என்று கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கமாக வடகிழக்கே ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடா வழியாக உள்ளே வருகிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா என்று வரும். யோசித்துப் பாருங்கள், போகும்போதும் கிழக்கு, திரும்பும்போதும் கிழக்கு. ஒருவர் போய்த் திரும்பினால் பூமியை முழுதாக ஒரு சுற்று சுற்றியிருப்பார். இரண்டு திசையிலும் பின்காற்று பிடிக்க முடிவது, ஐயா சொன்ன அந்த 177.8 டிகிரியால்தான். இவ்வளவு எதிரெதிராக அமைந்த பெரிய நகர ஜோடி வேறு அதிகம் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதே இல்லை.

ஜன்னல்சீட்டு:

அண்ணா, ஒரு சந்தேகம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. கிழக்கே போகும் விமானத்துக்கு அடியில் ஊரும் கிழக்கே ஓடிக்கொண்டே இருக்குமே, அப்படியானால் கிழக்கே போகத்தானே அதிக நேரம் ஆக வேண்டும்?

மேகவழி:

நல்ல கேள்வி தம்பி. விமானம் பறப்பது காற்றுக்குள். அந்தக் காற்று மண்டலம் முழுக்க பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ரன்வேயில் நிற்கும்போதே விமானமும் அந்தச் சுழற்சியோடுதான் இருக்கிறது, மேலே ஏறியதும் அது எங்கும் போய்விடாது. ஆகவே ஊர் விலகி ஓடுவது என்ற பேச்சே இல்லை. வித்தியாசத்தை உண்டாக்குவது காற்று மட்டும்தான்.

ஆனால் அந்தக் காற்று கிழக்கு நோக்கி ஓடுவதற்குப் பூமியின் சுழற்சி ஒரு காரணம். நடுக்கோட்டில் சூடேறி எழும் காற்று துருவம் நோக்கிப் போகும்போது, சுழற்சியால் கிழக்குப் பக்கம் திரும்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லையில் அது வேகமெடுக்கிறது. குளிர்காலத்தில் அந்த வெப்ப வித்தியாசம் பெரிது, அதனால் காற்றும் பலமானது.

இதற்கு நல்ல உதாரணம் நியூயார்க் – லண்டன். வழக்கமாகக் கிழக்கே போக 7 மணி நேரம் போல, திரும்பி வர 8 மணி நேரம் போல. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தது. விமானமோ ஊரோ மாறவில்லை. அன்று வீசிய காற்று அப்படி.

பழைய அட்லஸ்:

மேகவழி, உங்கள் விளக்கம் அருமை. ஆனால் படிக்கிறவர்கள் 15,349 ஒரு வீண் எண் என்று நினைத்துவிடக் கூடாது. காற்று நாளுக்கு நாள் மாறும், பாதையும் மாறும். இரண்டு ஊர்களுக்கு நடுவே மாறாமல் நிற்பது அந்த ஒரு எண்தான். எந்தச் சேவை நீளமானது என்று ஒப்பிட அதைத்தான் எடுக்கிறோம். பெர்த் – லண்டன் 14,499 கி.மீ., ஆக்லாந்து – தோகா சுமார் 14,500 கி.மீ., இது 15,349. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே 20,000 கி.மீ. சொச்சம்தான். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மேகவழி:

ஒப்பீட்டுக்கு அது சரி ஐயா, மறுக்கவில்லை. நான் சொல்வது ஒன்றுதான். அந்த எண்ணை எடுத்து ஒரு வேகத்தால் வகுத்து "பயண நேரம்" என்று போடக் கூடாது. இந்தச் சகோதரியைப் போல அதை நம்பி மருந்துக்கு நேரம் குறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

காற்றில் இன்னொரு விஷயம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் கழிந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். கழியாது. 15,349 கி.மீ.யை ஒரே வழியில் போய் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 34 மணி 7 நிமிடம். 100 கி.மீ. காற்று இருந்தால் ஒரு பக்கம் 19 மணி 11 நிமிடம், மறுபக்கம் 15 மணி 21 நிமிடம், கூட்டினால் 34 மணி 32 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் ஒரே வழியில் போய் வந்தால் எப்போதும் நஷ்டம்தான். இரண்டு வெவ்வேறு வழிகளைத் தேடுவதில் இருக்கும் லாபம் இதுதான்.

நெடுவழி:

ஏர் இந்தியாவும் இதைச் செய்தது. 2016 அக்டோபரில் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,000 கி.மீ.யைத் தாண்டியது, ஆனால் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்விட்டது. பழைய வழியைவிடத் தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் அதிகம், நேரம் குறைவு.

துருவ வழிக்கும் நம் பக்கத்தில் உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ – பெங்களூரு முதல் விமானத்தைக் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் பெண்கள் மட்டுமே இருந்து, வட துருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள். கிட்டத்தட்ட 14,000 கி.மீ.

ஜன்னல்சீட்டு:

துருவம் வழியாகப் போனால் எரிபொருள் உறைந்துவிடாதா?

மேகவழி:

அதைப் பார்த்துத்தான் பிளான் போடுவோம். ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை மைனஸ் 40 டிகிரி, ஜெட் ஏ-1 மைனஸ் 47. வெளிக்காற்று மைனஸ் 60, 70 வரை போகும். ஆனால் வேகமாகப் பறக்கும்போது காற்றின் உரசலாலும் அழுத்தத்தாலும் இறக்கையின் மேற்பரப்பு வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும். தொட்டியின் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குறைந்தால் உயரத்தைக் குறைப்பார்கள் அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். இது தவிர சூரியப் புயல் நாட்களில் துருவப் பகுதியில் ரேடியோ தொடர்பு கெடும், அவசரத்துக்கு இறங்கும் நிலையங்கள் குறைவு. இதெல்லாம் பார்த்த பிறகுதான் அந்த வழி.

இப்போது அரசியலும் சேர்ந்துகொண்டது. 2022க்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நிறுவனங்களுக்கு மூடிவிட்டது. ஃபின்ஏரின் ஹெல்சிங்கி – டோக்கியோ விமானம் முன்பு சைபீரியா வழியாக 9 மணி நேரம் சொச்சத்தில் போய்விடும். இப்போது சுமார் 13 மணி நேரம். இரண்டு ஊருக்கும் பெருவட்டத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி மூடியபோது டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களுக்கும் இதேதான் நடந்தது, சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போக வேண்டி வந்தது.

மயிலை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சென்னையிலிருந்து நியூயார்க் போக இந்த நேரடி விமானத்தைப் பிடிப்பது லாபமா? சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம்தானே என்று வீட்டில் சொல்கிறார்கள்.

நெடுவழி:

சென்னை – நியூயார்க் நேர்த்தூரம் சுமார் 13,500 கி.மீ. சென்னை – சிங்கப்பூர் சுமார் 2,900. அதோடு 15,349ஐக் கூட்டினால் 18,200க்கு மேல். கிட்டத்தட்ட 4,800 கி.மீ. அதிகம். வளைகுடா அல்லது ஐரோப்பா வழியே போங்கள். சிங்கப்பூரில் ஆளோ வேலையோ இருந்தால் மட்டும் இந்த வழி.

தறி:

நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வயதானவர்களைப் பதினெட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார வைக்க வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிராங்ஃபர்ட் வழியாகவும் ஜே.எஃப்.கே.க்கு ஒரு சேவை ஓட்டுகிறது. சிங்கப்பூர் – பிராங்ஃபர்ட் சுமார் 10,300 கி.மீ., அங்கிருந்து ஜே.எஃப்.கே. சுமார் 6,200. கூட்டினால் 16,500. நேர்வழியைவிட 1,150 கி.மீ.தான் கூடுதல். நடுவில் இறங்கிக் கால் நீட்டி நடக்கலாம், எகானமி டிக்கெட்டும் கிடைக்கும். நேரடி விமானத்தில் எகானமியே கிடையாது. என் மாமியாருக்கு ஒரே மூச்சுப் பயணம் முடிந்து கால் வீக்கம் இறங்கவே வெகுநாள் ஆனது.

நெடுவழி:

தறி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பிராங்ஃபர்ட் வழி மொத்தம் ஏறக்குறைய ஒரு முழு நாள். நடுவில் பாதுகாப்புச் சோதனை, நடை, தூக்கம் கலைவது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் இடைநிறுத்தம் வேண்டவே வேண்டாம் என்கிறார். ஒரு முறை ஏறி, ஒரு முறை இறங்கினால் போதும் என்பவர்களுக்கு நேரடிதான் நல்லது. நேரடியில் பிரீமியம் எகானமி 94 இருக்கை, பிசினஸ் 67, மொத்தம் 161 பேர்தான். நடைபாதையில் எழுந்து நடக்க இடம் இருக்கும்.

ஜன்னல்சீட்டு:

ஏன் எகானமி வைக்கவில்லை? அதே ஏ350 விமானம்தானே, மற்ற ஊர்களுக்கு 250, 300 பேரை ஏற்றுகிறார்களே?

மேகவழி:

எடை. இந்த வழிக்கென்றே செய்த ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூர) வகையில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், சாதாரண ஏ350-900இல் சுமார் 1,41,000. முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டும் 130 டன்னுக்கு மேல். விமானம் தரையை விட்டு எழும்போது இருக்கக்கூடிய உச்ச எடையே 280 டன். ஏறக்குறைய பாதி எரிபொருள். முதல் சில மணி நேரத்தில் எரிவதில் கணிசமான பங்கு, பின்னால் எரிக்க வேண்டிய எரிபொருளைச் சுமப்பதற்கே போகிறது. அதனால் ஆட்களைக் குறைத்தார்கள், முன்பக்கச் சரக்கு அறையையும் மூடிவிட்டார்கள்.

பழைய கதை ஒன்றும் உண்டு. இதே சிங்கப்பூர் – நூவர்க் வழியை 2004 ஜூனில் ஏ340-500 விமானத்தில் ஆரம்பித்தார்கள். நான்கு எஞ்சின். 2008இல் மொத்தமே 100 பிசினஸ் இருக்கை என்று மாற்றிப் பார்த்தார்கள். எரிபொருள் விலையில் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சினில் அதே தூரம் போகும் விமானம் வர ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 நவம்பரிலிருந்து ஜே.எஃப்.கே.க்குப் போகிறது.

அடுத்தது ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம். சிட்னி – லண்டன், சுமார் 17,000 கி.மீ., ஏ350-1000 விமானத்தில் 238 இருக்கை மட்டும். 2019இலேயே நியூயார்க் – சிட்னி சோதனைப் பயணம் 49 பேருடன் நடத்தினார்கள், 19 மணி 16 நிமிடம் ஆனது.

கடல்நாரை:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு மிக்க நன்றி. நேரடியிலேயே அனுப்பலாம் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். இப்போது என் கவலை ஒன்றுதான். அட்டவணையை எந்தக் கடிகாரத்தை வைத்து எழுதுவது?

இரவுப்பணி:

நான் செவிலியர். மருந்தின் அளவு பற்றி ஒரு எண்கூடச் சொல்ல மாட்டேன், அது அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டியது, பயணத்துக்குச் சில வாரம் முன்பே போய்க் கேளுங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

டிசம்பரில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 13 மணி நேரம் முன்னால் இருக்கும். சிங்கப்பூரில் காலை 8 மணி என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் மாலை 7. சிங்கப்பூரில் இரவு 8 என்றால் இங்கே அதே நாள் காலை 7. அதாவது 12 மணி நேர இடைவெளியில் போடுபவருக்கு ஊசி நேரம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான் நகரும், ஆனால் காலை ஊசி மாலைக்கும் மாலை ஊசி காலைக்கும் மாறிவிடும். இரண்டு வேளைக்கும் ஒரே அளவு என்றால் சிக்கல் குறைவு. பலருக்குக் காலையில் அதிகம், இரவில் குறைவு என்று இருக்கும். அப்படியானால் எந்த வேளையிலிருந்து அளவை மாற்றிக்கொள்வது என்பதுதான் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இறங்கும் வரை அம்மாவின் கைக்கடிகாரம் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கட்டும். தாளில் "கிளம்பி இத்தனை மணி நேரம்" என்று எழுத வேண்டாம். தாமதமாகக் கிளம்பினால் முழுதும் குழம்பும். சிங்கப்பூர் மணியையே எழுதுங்கள். அப்படி எழுதினால் விமானம் 17 மணி நேரம் பறந்தாலும் 19 மணி நேரம் பறந்தாலும் தாள் மாறாது.

சாப்பாட்டுக்கு முன் போடும் வகை இன்சுலின் என்றால் தட்டு முன்னால் வந்த பிறகு போடுவது நல்லது. குலுக்கல் வந்தால் உணவு பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். பிஸ்கட், குளுக்கோஸ் கையில் இருக்கட்டும். இன்சுலினைக் கைப்பையில் மட்டும் வையுங்கள். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. மருத்துவர் கடிதமும் மருந்துச் சீட்டும் கூட இருக்கட்டும். சர்க்கரை நோயாளிக்கான உணவை முன்பே சொல்லி வைக்க வேண்டும், விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது.

தறி சொன்ன கால் வீக்கத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் பயணத்திலும் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து கூடும். ஓர இருக்கை வாங்குங்கள். விழித்திருக்கும்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். காலுறை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், ரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரைக் காலுக்கு இறுக்கமான காலுறை எல்லாருக்கும் ஏற்றதல்ல.

தறி:

அம்மா, இது நல்ல யோசனை. உள்ளே மூச்சு விடச் சிரமம் இருக்காதா? அப்பாவுக்கு இதயக் கோளாறு ஏதும் இருந்தால்?

இரவுப்பணி:

ஏ350இல் அறைக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கிறார்கள். குன்னூரில் இருப்பது போல. பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இல்லை. இதயமோ நுரையீரலோ பலவீனம் என்றால் அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

நெடுவழி:

திரும்பும் பயணத்துக்கு ஒரு குறிப்பு. நியூயார்க்கில் திங்கள் இரவு பத்தரைக்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது புதன் அதிகாலை. செவ்வாய் முழுதும் விமானத்திலேயே போய்விடும். வரும்போது நேர்மாறு. சாங்கியில் நள்ளிரவு தாண்டி ஏறினால் பதினெட்டு மணி நேரம் பறந்த பிறகும் நியூயார்க்கில் அதே தேதி விடிகாலைதான். திரும்பும் டிக்கெட் போடும்போது தேதியைக் கவனியுங்கள், சிங்கப்பூரில் மருத்துவர் சந்திப்பு ஏதும் இருந்தால் ஒரு நாள் பிசகிவிடும்.

கடல்நாரை:

மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. இரவுப்பணி அக்கா சொன்ன கேள்விகளை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. நான் ஜே.எஃப்.கே.க்கு எப்போது கிளம்ப வேண்டும்? டிக்கெட்டில் இருக்கும் நேரம் சக்கரம் தரையைத் தொடும் நேரமா?

மேகவழி:

இல்லை சகோ. டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். சாங்கியில் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து ஜே.எஃப்.கே.யில் கேட்டில் வந்து நிற்பது வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் கேட்டுக்கு வருவது எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மேல் கொஞ்சம் தாராளமாகவும் போட்டிருப்பார்கள். அதனால் நல்ல காற்று உள்ள நாளில் அரை மணி, முக்கால் மணி முன்னதாகவே வந்துவிடும். அதே காற்று ஒத்துழைக்காவிட்டால் தாமதமும் ஆகும்.

விமானத்தின் எண்ணை ஏதாவது ஒரு விமானத் தடம் காட்டும் செயலியில் போட்டுப் பாருங்கள். கடந்த ஒரு வாரத்தில் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று வரும். டிசம்பர் முதல் வாரத்தில் பார்த்தால் டிசம்பர் காற்று தெரியும், இப்போது பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பயண நாளில் விமானம் கனடாவுக்குள் வந்துவிட்டால் இறங்கும் நேரத்தைச் செயலி ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த நேரத்திலிருந்து குடிநுழைவு, பெட்டி எடுப்பது என்று வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு ஏற்றபடி கிளம்புங்கள். நீங்கள் வெளியே நிற்கும் இடத்தையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் அந்த மருந்துத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.